எங்கே உடைகிறது? தேடு!

திருவிழா இரவு. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டம். கோயில் முன்னால் பந்தல். பனி இறங்கிக்கொண்டிருக்கிறது.

அங்கே இருக்கிற மைக் செட் உன்னுடையது. 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் குலுங்கி வந்த ஆம்ப்ளிஃபயர் உன்னுடையது. பொறுப்பும் உன்னுடையது!

ஒரு பெண் பாட எழுகிறாள். பகலெல்லாம் காய் எடுத்த கை மைக்கைப் பிடிக்கிறது. முதல் வரி நன்றாக வருகிறது. இரண்டாம் வரியில் குரல் மேலே ஏறுகிறது.

கர்ர்ர்!

குரல் கிழிகிறது. கூட்டம் திரும்பி உன்னைப் பார்க்கிறது.

நீ என்ன செய்தாய்?

மாஸ்டரைக் கூட்டினாய். கிழிசலும் சேர்ந்து கூடியது. ட்ரெபிளைக் கூட்டினாய். காது கூசியது. எக்கோவைக் கூட்டினாய். பாட்டு கிணற்றுக்குள் விழுந்தது.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். "செட்டு பழசுண்ணே" என்றாய்.

தம்பி, நீ தோற்றது குரல் கிழிந்தபோது இல்லை. மூன்றே நிமிடத்தில் கையைக் கட்டினாயே, அப்போதுதான் தோற்றாய்!

செட் பழசா? இருக்கட்டும். எத்தனை பழைய செட்டுகள் இந்த மலையில் தெளிவாகப் பேசுகின்றன! அவற்றின் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் நாலு கையா இருக்கிறது?

பாடுகிறவர் கத்துகிறாரா? கத்துவார். சாமி பாட்டை முணுமுணுத்தா பாடுவார்கள்? அந்தக் குரலைத் தாங்குவதற்குத்தானே உனக்குக் கூலி!

கரண்ட் சரியில்லையா? அளந்து பார்த்தாயா? மீட்டரை எடுத்தாயா? எடுக்கவில்லை என்றால் கரண்ட்டைக் குறை சொல்ல உனக்கு என்ன உரிமை?

சாக்கு சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். கோளாறைத் தேடுவதற்கு 12 நிமிடம் வேண்டும். அந்த 12 நிமிடத்துக்குத்தான் நீ பயப்படுகிறாய்.

போடிக்கு வந்துகொண்டிருந்த ரயில் 2010 கடைசியில் நின்றது. பழைய மீட்டர் கேஜ் பாதையை எடுத்துவிட்டு அகலப் பாதை போட்டார்கள். 2023 ஜூன் 15 அன்றுதான் பயணிகள் ரயில் திரும்ப வந்தது. ஓர் ஊரே 12 ஆண்டுகளுக்கு மேல் பொறுத்துக்கொண்டது. உனக்கு 12 நிமிடம் பொறுக்க முடியாதா?

நானும் உன்னைப் போல நின்றவன்தான். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு கேட்கிறேன்.

மலையடிவாரத்தில் ஒரு கல்யாண வீடு. பாடுகிறவரின் குரல் என் செட்டில் கிழிந்துகொண்டே இருந்தது. நான் பாடகரை முறைத்தேன். பாக்ஸைத் தட்டினேன். வியர்த்துப்போய் ஓரமாக நின்றேன்.

ஒரு பெரியவர் வந்தார். முன்னாளில் மைக் செட் வைத்திருந்தவர். அவர் எதையும் கூட்டவில்லை. மிக்சரில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் முதல் குமிழை மெல்லக் குறைத்தார். கீழே இருக்கும் ஃபேடரை மெல்ல ஏற்றினார்.

குரல் வெளுத்த வேட்டி மாதிரி வந்தது!

"மொத எடத்துல உடைச்சுட்டு கடைசி எடத்துல ஒட்டவைக்கப் பாத்தியே, தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை இன்னும் தூங்கவிடவில்லை. உன்னையும் தூங்கவிடக் கூடாது!

குரல் ஏன் கிழிகிறது? மந்திரமா? கண்ணேறா?

கேள். குரல் ஓர் அலை. ஏறும், இறங்கும். மைக்கிலிருந்து வரும்போது அது மிக மிகச் சிறியது. மிக்சரின் முதல் குமிழ் அதை வளர்க்கிறது. அதன் பெயர் கெயின்.

எந்தக் கருவிக்கும் ஒரு கூரை உண்டு. உள்ளே ஓடும் மின்னழுத்தம்தான் அந்தக் கூரை. அலை அதற்கு மேலே வளர முடியாது.

வளரப் பார்த்தால்? தலை வெட்டுப்படும்! உருண்டையாக இருந்த முகடு தட்டையாகிவிடும். அந்தத் தட்டைதான் உன் காதில் கர்ர்ர் என்று விழுகிறது. மிக்சரில் சிவப்பு விளக்கு மினுங்குகிறதே, அது அலங்காரத்துக்கா? "தலை இடிக்குது, தலை இடிக்குது" என்று அது உன்னைக் கூப்பிடுகிறது!

இப்போது சொல். கெயினில் உடைந்த குரலை மாஸ்டரில் குறைத்தால் என்ன கிடைக்கும்? சின்னதாக உடைந்த குரல். கூட்டினால்? பெரிதாக உடைந்த குரல்!

உடைந்த இடத்துக்குப் போ. அங்கேதான் மருந்து வேலை செய்யும். நான் உனக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

வாழ்க்கையிலும் நீ இதே தப்பைத்தானே செய்கிறாய்? தேர்வில் தோற்றால் பேனாவை மாற்றுகிறாய். கடை ஓடவில்லை என்றால் போர்டை மாற்றுகிறாய். வேலை கிடைக்கவில்லை என்றால் செல்போன் நம்பரை மாற்றுகிறாய்!

எல்லாம் கடைசிக் குமிழ்கள். முதல் குமிழில் எப்போது கை வைப்பாய்?

நீ ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் போயிருக்கிறாயா? பச்சைக் காயைத் தட்டில் பரப்பி, சூட்டை அளந்து அளந்து ஏற்றுவார்கள். அவசரப்பட்டுச் சூடேற்றினால் என்ன ஆகும்? காய் வெடிக்கும். பச்சை நிறம் ஓடிவிடும். வாசனை போய்விடும்.

வெடித்த காயைத் திரும்ப மூடத் தெரிந்தவர் இந்த மலையில் யாராவது உண்டா?

கெயினும் ஓர் அடுப்புதான். அளந்து ஏற்று!

எப்படி அளப்பது? நீ இப்போது எப்படிச் சோதிக்கிறாய்? மைக்கைத் தட்டுகிறாய். உஃப் என்று ஊதுகிறாய். "ஓகே" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறாய்.

தட்டினால் மைக் உயிரோடு இருக்கிறது என்று தெரியும். பாட்டின் உச்சியில் அது தாங்குமா என்று எப்படித் தெரியும்? ஊதினால் மைக்குக்குள் எச்சிலும் ஈரமும்தான் போகும்!

பேசிப் பார்த்தாயா? வாய்விட்டுப் பாடிப் பார்த்தாயா? இல்லை. ஏன்? உன் குரலை நீயே கேட்க உனக்குக் கூச்சம்!

அந்தக் கூச்சத்தை இன்றைக்கே உடை. பாடுகிறவரைக் கூப்பிடு. பாட்டில் எந்த இடம் உச்சமோ அந்த இடத்தைப் பாடச் சொல். ஆள் இல்லையா? நீயே கத்து! அந்த உச்சத்திலும் சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு கெயினை வை. இன்னும் கொஞ்சம் குறைத்து வை. மேடை ஏறினால் மனிதனுக்கு ஆவேசம் கூடும். அந்த ஆவேசத்துக்கு இடம் விட்டு வை.

சத்தம் பற்றவில்லையா? ஃபேடரை ஏற்று. வரிசை அதுதான். முதலில் கெயின். அடுத்து ஃபேடர். அடுத்து மாஸ்டர். கடைசியில் ஆம்ப்ளிஃபயர்.

அப்படியும் கிழிகிறதா? நல்லது. இப்போதுதான் உன் வேலை தொடங்குகிறது!

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தைப் பார்த்திருப்பாய். உன் அம்மாவே அந்த வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். ஒரே சல்லடையில் எல்லாத் தரமும் பிரிந்துவிடுமா? 8 மில்லிமீட்டர் சல்லடை. அதில் நிற்பது ஒரு தரம். விழுந்தது அடுத்த சல்லடைக்குப் போகும். ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக!

கோளாறையும் அப்படித்தான் சலிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றிவிட்டுக் கேள்.

மைக்கையும் கேபிளையும் சேர்த்து மாற்றினாய். சரியாகிவிட்டது. எது கெட்டது என்று தெரியுமா? தெரியாது. இரண்டையும் பெட்டிக்குள் போட்டாய். அடுத்த ஊரில் அதே கேபிள் உன் காலை வாரும்!

முதலில் பாதையை இரண்டாகப் பிளந்துவிடு. ஹெட்ஃபோனை மிக்சரில் மாட்டு. அந்த ஒரு சேனலை மட்டும் கேள்.

ஹெட்ஃபோனிலேயே கிழிகிறதா? குற்றவாளி உனக்கு முன்னால் இருக்கிறான். மைக், கேபிள், கெயின். ஹெட்ஃபோனில் சுத்தமாக இருக்கிறதா? குற்றவாளி உனக்குப் பின்னால் இருக்கிறான். மாஸ்டர், ஆம்ப்ளிஃபயர், பாக்ஸ், கரண்ட்.

ஒரே கேள்வி. பாதிப் பாதை முடிந்தது! பயத்தில் பாதியும் முடிந்தது!

முன்பாதியைப் பார்ப்போம். கார்டுலெஸ் மைக்கா? பேட்டரி எப்போது மாற்றியது? போன திருவிழாவுக்கா? பேட்டரி சாகும்போது குரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். புதிதைப் போடு.

ரிசீவரின் பின்னால் மைக், லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கலாம். லைனில் வைத்து மைக் சாக்கெட்டில் சொருகினாயா? குடம் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆற்றையே திருப்பி விட்டிருக்கிறாய். உடையாமல் என்ன செய்யும்?

மைக்கின் வலைத் தொப்பியைக் கழற்றிப் பார். எத்தனை ஊர் எச்சில், எத்தனை கோயில் புழுதி! அதை மட்டும் தனியே கழுவு. முழுக்கக் காயவிட்டு மாட்டு.

கேபிளின் இரண்டு நுனியையும் பிரித்துப் பார். மூன்று பின், மூன்று பற்று. ஒரு பற்று விட்டிருந்தாலும் போதும், உன் மானம் போகும். சால்டர் வைக்கத் தெரியாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கற்றுக்கொள்!

பாடுகிறவர் மைக்கை எப்படிப் பிடிக்கிறார் என்று கவனித்தாயா? ஒரு சாண் தூரத்தை அரைச் சாணாக்கினால் மைக்குக்குப் போகும் ஒலி 6 டெசிபல் ஏறும். உச்சத்தில் கொஞ்சம் விலக்கிப் பிடிக்கச் சொல். வலைத் தொப்பியைக் கையால் பொத்த வேண்டாம் என்று சொல். அன்பாகச் சொல். "அக்கா, இப்படிப் பிடிங்க" என்று சொல்ல என்ன வெட்கம்?

இனி பின்பாதி. மாற்றுவதற்கு முன் சத்தத்தை முழுக்கக் குறை. ஆம்ப்ளிஃபயரை அணை. அப்புறம் ஒயரில் கை வை. ஈரக் கையோடு மின்சாரத்தைத் தொடாதே. எர்த் இல்லாமல் செட்டைப் போடாதே. பனி ஈரத்தில் அலட்சியம் வீரம் ஆகாது!

வலது பாக்ஸ் கிழிகிறதா? இரண்டு பாக்ஸையும் இடம் மாற்று. கிழிசல் பாக்ஸோடு போனால் பாக்ஸ் கெட்டிருக்கிறது. கிழிசல் அதே பக்கம் நின்றால் ஒயரோ ஆம்ப்ளிஃபயரோ கெட்டிருக்கிறது. பார், பொருள்களே சாட்சி சொல்கின்றன!

சின்னச் சத்தத்திலும் கரகரக்கிறதா? காகிதக் கூம்பு கிழிந்திருக்கலாம். உள்ளே வாய்ஸ் காயில் உரசலாம். பெரிய சத்தத்தில் மட்டுமா? ஆம்ப்ளிஃபயரின் கூரையை இடித்துக்கொண்டிருக்கிறாய்.

எத்தனை பாக்ஸைச் சேர்த்து மாட்டினாய்? 8 ஓம் பாக்ஸ் இரண்டை இணையாக மாட்டினால் 4 ஓம். நான்கை மாட்டினால் 2 ஓம். உன் ஆம்ப்ளிஃபயர் எத்தனை ஓம் வரை தாங்கும்? அதன் முதுகிலேயே எழுதியிருக்கிறது. ஒரு நாளாவது திருப்பிப் படித்தாயா?

மரத்தில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கரா? 100 வோல்ட் லைனில் கொடுப்பதாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது இல்லாமல் நேராகக் கொடுத்தால் யூனிட் எரியும்.

ஜெனரேட்டரா? நீளமான மெல்லிய ஒயரில் கரண்ட்டை இழுத்து வந்தாயா? பாட்டு ஓடும்போதே ஆம்ப்ளிஃபயரின் பிளக் பக்கத்தில் அளந்து பார். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் எவ்வளவு வருகிறது? பல ஆம்ப்ளிஃபயர்களில் கரண்ட் தாழ்ந்தால் கூரையும் தாழும். தாழ்ந்த கூரையில் சாதாரணக் குரலும் இடிக்கும்!

"பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் எல்லாம் சரியாகும்" என்கிறாயா? வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு அது கொஞ்சம்தான் தெரியும். கடன் வாங்கி அதைச் செய்வாய். பாக்ஸைக் கூட்டத்தின் தலைக்கு மேலே உயர்த்தி வைக்கக் காசு எதற்கு? தோள் இருந்தால் போதும்!

கோளாறைக் கண்டு ஓடாதவர்கள் கதை ஒன்று கேள். 1915-இல் அமெரிக்காவின் நாபா என்ற சிற்றூரில் ஜென்சன், பிரிதாம் என்று இரண்டு பேர். காதில் வைத்துக் கேட்கிற தொலைபேசிக் கருவியோடு மல்லுக்கட்டியவர்கள். அதைப் பெரிதாக்கிக் கூம்பை மாட்டினார்கள். மைக்கைப் பக்கத்தில் கொண்டு வந்ததும் ஊளைச் சத்தம் காதைப் பிளந்தது!

ஓடிப்போனார்களா? கூம்பைக் கூரைமேல் கொண்டுபோய் வைத்தார்கள். குரல் ஊர் தாண்டிக் கேட்டது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூட்டத்துக்கே அது பேசியது. மேக்னவாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பெருங்குரல் என்று பொருள்.

உலகத்து ஒலிபெருக்கியின் கதையே ஒரு கோளாறிலிருந்துதான் தொடங்குகிறது, தம்பி! உன் கதை மட்டும் ஏன் கோளாறோடு முடிய வேண்டும்?

அது அமெரிக்கா என்பாய். நான் மலையடிவாரத்துப் பையன் என்பாய். சரி, உன் அடிவாரத்துக்கே வருகிறேன்.

பண்ணைப்புரம் உனக்கு எவ்வளவு தூரம்? அந்த ஊர் பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைத்தோட்டத் தொழிலாளர்களின் நடுவே பாடினார். அவர்களுடைய மொழியில், அவர்களுடைய பாட்டை! அந்த அண்ணனோடு ஆர்மோனியம் தூக்கி வளர்ந்தவர்தான் இளையராஜா. 1943-இல் பிறந்தவர். 1976-இல் அவருடைய முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது.

அந்தப் படத்தின் முதல் பாடலைப் பதிவு செய்யத் தயாரான நொடியில் கரண்ட் போய்விட்டது. அவரே சொன்ன செய்தி. சகுனம் சரியில்லை என்று எழுந்து போனாரா? போயிருந்தால் இன்றைக்கு உன் செட்டில் என்ன பாட்டு போடுவாய்?

கரண்ட் போனது. திரும்ப வந்தது. அவர் அங்கேயே இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்!

உன் பயம் எனக்குத் தெரியும். கூட்டம் பார்க்கிறது. கமிட்டித் தலைவர் கையை ஆட்டுகிறார். யாரோ "ஆப்ரேட்டர் எங்கப்பா?" என்று கத்துகிறார். கை நடுங்குகிறது.

நடுங்கட்டும்! நடுங்குகிற கையாலேயே ஹெட்ஃபோனை மாட்டு. நடுங்குகிற கையாலேயே கெயினைக் குறை. பயம் போன பிறகு வேலை செய்வோம் என்று காத்திருந்தவன் எவன் ஜெயித்தான்? வேலை செய்யச் செய்யத்தான் பயம் போகும்!

இது வெறும் பாட்டுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே.

அதே திருவிழாவில் ஒரு குழந்தை தொலைந்துபோகும். தாய் ஓடி வருவாள். பிள்ளையின் பெயரை, சட்டையின் நிறத்தை உன் மைக்கில் சொல்வாள். பதறிய குரல் உச்சத்தில்தான் ஏறும். அந்தப் பெயர் கிழிந்துபோனால்? நிறம் யாருக்கும் புரியாமல் போனால்?

அப்போதும் "செட்டு பழசுண்ணே" என்பாயா?

ஒரு மனிதரின் குரலைச் சிதையாமல் இன்னொரு மனிதரின் காதில் சேர்க்கிறாய். உன் தொழில் சின்னத் தொழிலா? தலை நிமிர்ந்து செய்!

நாளைக் காலையில் தொடங்கு. செட்டை வீட்டு வாசலில் இறக்கு. ஒவ்வொரு கேபிளையும் சோதி. கெட்டதில் துணி கட்டித் தனியே வை. ஒரு மாற்று மைக், ஒரு மாற்றுக் கேபிள், புதுப் பேட்டரி, மீட்டர், சால்டர், டார்ச். எல்லாம் ஒரு பையில். ஜீப் ஏறும்போது அந்தப் பை உன் மடியில் இருக்கட்டும்.

ஒரு நோட்டு வாங்கு. எந்த ஊரில் எது உடைந்தது, எங்கே உடைந்தது, எப்படிச் சரியானது என்று எழுது. பத்துத் திருவிழா போகட்டும். அந்த நோட்டுக்கு முன்னால் எந்தக் கோளாறு நிற்கும்?

அடுத்த திருவிழா வரும். அதே தோட்டம். அதே பனி. அதே பெண் பாட வருவாள். உன்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்குவாள். போன முறை கிழிந்தது அவளுக்கும் நினைவிருக்கும்.

அவள் வருவதற்கு முன்பே மேடைக்குப் போ. மைக்கைப் பிடி.

தட்டாதே. ஊதாதே.

வாய்விட்டுப் பேசு! உன் பெயரை, உன் ஊரை, உன்னால் முடிந்த உச்சத்தில் சொல்! அந்த மலைச்சரிவு முழுக்க உன் குரல் கிழியாமல் போய்த் திரும்பி வரட்டும்.

அப்புறம் மைக்கை அவள் கையில் கொடு. "பாடுங்கக்கா, தாங்கும்" என்று சொல்!